வெள்ளிக்கிழமை மட்டும் எரிந்த விளக்கு

வண்டி பழுதாகக் கூடாது என்று சாமி கும்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். மாரீஸ்வரி, வண்டியில் பழுது இருக்க வேண்டும் என்று கும்பிட்டாள்.

“தாயே, அந்த வண்டியில ஏதாவது ஒரு கோளாறு இருக்கணும். எம்புட்டுப் பெரிய கோளாறா இருந்தாலும் சரி. எஞ்சினே போனாலும் போகட்டும். வண்டியில கோளாறு இல்லைன்னா எங்க வீட்டுக்காரர்ட்டத்தான் கோளாறு. அதை மட்டும் இனிமே என்னால தாங்க ஏலாது.”

இருக்கன்குடி மாரியம்மன் படத்துக்கு முன்னால் அவள் விட்ட கண்ணீர் தரையில் சொட்டியது. வாசலில் அவள் கணவன் விஜயபாண்டி வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வீடு. தினமும் காலையில் அவள் பஸ் பிடித்துச் சத்திரப்பட்டிக்குப் போவாள். அங்கே ஒரு தறிக்கூடத்தில், ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி ஓட்டும் வேலை. “எந்த ஊர்ல எவனுக்கு அடிபட்டாலும் என் துணிதான் அவனைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு இருக்கும்” என்று கூட வேலை பார்க்கும் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பில் குறை வைக்காதவள்தான். ஆனால் அவள் கல்யாண வாழ்க்கையின் முதல் பாதியில் பட்ட காயங்களைக் கட்டுவதற்குச் சத்திரப்பட்டித் துணி முழுவதும் போதாது.

அப்போது விஜயபாண்டி ஒரு முதலாளியிடம் டிரைவராக இருந்தான். வெள்ளிக்கிழமை தோறும் பூசைக்காக வண்டியைக் கழுவ, அய்யனார் கோவில் போகிற ரோட்டில் ஒரு தோப்புக்குக் கொண்டுபோவான். கிணற்று மோட்டார் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். கூட்டாளிகளும் அங்கேதான் கூடுவார்கள். பொழுது சாயும்போது வண்டி பளபளவென்று வரும். ஆள் தள்ளாடிக்கொண்டு வருவான். அப்புறம் பாத்திரம் உருளும், அழுகைச் சத்தம் கேட்கும், அக்கம்பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும்.

ஒருநாள் மகள் நாகஜோதியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் பிறந்த வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். அவன் தேடி வந்தான். இருக்கன்குடிக்குக் கூட்டிப் போய், ஈரத் துணியோடு அம்மன் முன்னால் நின்று, “இனி குடியைத் தொட மாட்டேன்” என்றான். அந்த வாக்கை அவன் மீறவில்லை. பெண் வளர்ந்தாள், படித்தாள், சிவகாசியில் கட்டிக்கொடுத்தார்கள். முதலாளி கழித்துக் கட்டிய ஏழு பேர் உட்காரும் பழைய வண்டியை அவனே வாங்கி, வாடகைக்கு ஓட்டிப் பிழைத்தான். வெள்ளிக்கிழமை கழுவுவது மட்டும் அதே தோப்பில் தொடர்ந்தது. மாரீஸ்வரி ஒருநாளும் தடுத்ததில்லை. நம்பிக்கை என்று வந்தபின் வேலி எதற்கு என்று இருந்துவிட்டாள்.

அந்த நம்பிக்கைக்குத்தான் இடி விழுந்தது!

ஆவணி மாதம். மழையே இல்லாத வெயில் காலம். அந்த வெள்ளிக்கிழமை விஜயபாண்டி வண்டியைக் கழுவிவிட்டு, வழக்கம்போல மாலை வாங்குவதற்காகக் கடைத்தெருவில் அழகுத்தாயின் பூக்கடைப் பக்கம் மெதுவாக ஒதுக்கினான். பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்கவில்லை. பூப்பலகையைத் தள்ளிக்கொண்டு போய்த்தான் நின்றது. அழகுத்தாய் கீழே விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. ரோடெல்லாம் பிச்சியும் மல்லிகையும்.

பதறிப்போய் அவளை அதே வண்டியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் அவள் வலியோடு வலியாக அவனை வைது தீர்த்தாள். “போலீஸ் கேஸெல்லாம் எனக்கு எதுக்குடா? ஆனா பட்டப்பகல்ல ஊத்திக்கிட்டு வந்து என் கையை முறிச்சியே, வெளங்குவியா நீ?”

“ஆச்சி, நான் குடிக்கல. பிரேக்கை மிதிச்சேன், அது என் காலை உதறித் தள்ளிருச்சு.”

அதைக் கடைத்தெருவிலும் சொன்னான். டீக்கடை ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “வண்டி காலை உதறுச்சா? ஏலே, நீ ஓட்டுறது வண்டியா, குதிரையா?”

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது, தண்ணீர்ச் சொம்பை நீட்டுகிற சாக்கில் மாரீஸ்வரி அவன் முகத்துக்கு வெகு பக்கத்தில் போனாள். எத்தனையோ வருடம் கழித்து அந்தப் பழைய பழக்கம் தானாக வந்துவிட்டது. சோப்பு வாடையும் மல்லிகை வாடையும்தான் வந்தன. ஆனால் அந்தக் காலத்தில் ஏலக்காயை மென்றுவிட்டு வந்து ஏமாற்றியவன்தானே இவன்?

“என்னட்டி, மோந்து பாக்குறியா?”

“இல்லியே. தண்ணி குடுக்கேன்.”

அவன் சொம்பை வாங்கினான். குடிக்காமலே கீழே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தனுஷ்கோடி என்று ஒரு வண்டி எலக்ட்ரீசியன். ராஜபாளையம் ரோட்டில் தகரக் கொட்டகை, பெரிய தொந்தி, காதில் செருகிய டெஸ்டர். அடுத்த வாரம் விஜயபாண்டி வண்டியை அவனிடம் கொண்டுபோனபோது, மாரீஸ்வரி தறிக்கு லீவு போட்டுவிட்டுத் தானும் ஏறிக்கொண்டாள். அம்மனிடம் வேண்டிக்கொண்டது அன்று காலையில்தான்.

“நீ எதுக்குட்டி?”

“சும்மாத்தான்.”

சும்மாவா? ஒரு வாய்ச்சொல்லுக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அல்லவா போனாள்!

தனுஷ்கோடி வண்டியின் கம்ப்யூட்டரில் ஒரு கருவியைச் செருகிப் பார்த்தான். “மாப்ள, இதுல பழைய குறிப்பு ஒண்ணு கெடக்கு. முன்னால இடது சக்கரத்துச் சென்சார் அப்பப்ப வேலை செய்யலன்னு சொல்லுது.”

சென்சார் என்றால் என்ன என்று மாரீஸ்வரி கேட்டாள்.

“ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்துலயும் விரல் தண்டிக்கு ஒண்ணு இருக்கும் தங்கச்சி. சக்கரம் எம்புட்டு வேகமாச் சுத்துதுன்னு எண்ணி எண்ணிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். அழுத்திப் பிரேக் போடும்போது சக்கரம் சுத்தாம இறுகிப்போச்சுன்னா வண்டி வழுக்கும்ல? அதுக்காகக் கம்ப்யூட்டர் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். அதுக்குப் பேருதான் ஏபிஎஸ்.”

சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கழற்றினான். சென்சாரை உருவி எடுத்து, அதன் காந்த முனையில் ஒட்டியிருந்த இரும்புத் தூளைத் துடைத்தான். துருவைச் சுரண்டினான். மீட்டரை வைத்து அளந்தான். சக்கரக் குடத்தைக் கையால் சுற்றச் சொல்லிவிட்டு மறுபடி அளந்தான். ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனான். ஓரிடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. மண் படிந்து, இறுக்கமாக, ஒழுங்காகத்தான் இருந்தது. தாண்டிப் போய்விட்டான்.

கடைசியில் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து இறங்கினான்.

“வண்டி தங்கம் மாப்ள. வச்ச எடத்துல நிக்குது.”

மாரீஸ்வரிக்குத் தலைக்கு மேலே இருந்த தகரம் அப்படியே தன்மேல் சரிந்துவிட்டதுபோல இருந்தது.

தனுஷ்கோடி கையைத் துடைத்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பினான். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான். ஆனாலும் விஜயபாண்டிக்குக் கேட்டுவிட்டது.

“தங்கச்சி, தப்பா நெனைக்காத. மாப்ள இப்ப... சரியாத்தான இருக்காரு?”

‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை போதும். வெளியே வரவில்லை. தரையைப் பார்த்தாள். விஜயபாண்டி அவளையே பார்த்தான். அடிபட்ட மாடு தன்னை வளர்த்தவளைப் பார்க்குமே, அப்படி ஒரு பார்வை.

தர்மசங்கடத்தில் தனுஷ்கோடிதான் பேச்சை மாற்றினான். “பிரேக்குல கோளாறுன்னா ஸ்டியரிங்குக்குப் பின்னால ஒரு மஞ்ச லைட் எரியும்ல, அது எப்பல்லாம் எரியுது மாப்ள?”

“வெள்ளிக்கிழமை.”

“மத்த நாள்ல?”

“எரியல. வெள்ளிக்கிழமை எரியும். மறுநாள் சாவியைப் போட்டா அணைஞ்சிருக்கும். அடுத்த வெள்ளி திரும்ப எரியும்.”

தனுஷ்கோடி சிரித்தான். “ஒன் வண்டி வெள்ளிக்கிழமை வெரதம் இருக்குதாலே?” சிரிப்பு அடங்கியதும் டெஸ்டரை எடுத்துக் காதைக் குடைந்தான். “அப்ப ஒண்ணு செய்யி. வர்ற வெள்ளிக்கிழமை எப்பவும் என்ன செய்வியோ அம்புட்டையும் செஞ்சிட்டு இங்க கொண்டா. ஒண்ணையும் மாத்தாத. மெதுவா வா. ஒரு கை ஹேண்ட்பிரேக்குல இருக்கட்டும்.”

வெள்ளிக்கிழமை! மாரீஸ்வரிக்கு அந்தச் சொல்லே ஈட்டியாக இறங்கியது. அந்தக் காலத்திலும் வெள்ளிக்கிழமைதானே?

திரும்பும் வழியில் ஊர் நெருங்கும்போது அவன் மெதுவாகச் சொன்னான்: “அவன் கேட்டப்ப நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

அந்த வாரம் வாடகைக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. சிவகாசியிலிருந்து நாகஜோதி போன் செய்தாள். “அம்மா, இங்க என்னென்னமோ சொல்லுதாக. அப்பா மறுபடியும்...” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. இந்தப் பக்கம் தாயும் முடிக்கவில்லை. இரண்டு பேரும் போனை வைத்துக்கொண்டு அழுதார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் விஜயபாண்டி எங்கோ போய்விட்டு இருட்டிய பிறகு வந்தான். அவள் கேட்கவில்லை. கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவளும் தோப்புக்குப் போனாள். பம்புசெட் அருகே உட்கார்ந்திருந்த பழைய கூட்டாளிகளில் ஒருவன் எழுந்து வணக்கம் போட்டான். “வாங்க மதினி. காவலுக்கு வந்தியளா? பாண்டி, போலீஸு வந்திருக்குடா, ஒழுங்காக் கழுவு!”

விஜயபாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயை எடுத்தான். மேலே, கண்ணாடி, கதவு. பிறகு குனிந்து ஒவ்வொரு சக்கரத்துக்கு உள்ளேயும் குழாயை ஏந்திப் பிடித்துத் தண்ணீரை அடித்தான். சேறெல்லாம் கரைந்து ஓடியது. சக்கரத்துக்கு மஞ்சள் பூசும்போது உள்ளே மண் இருக்கக் கூடாது என்பது அவன் கணக்கு. வருகிற எல்லா வண்டிக்காரர்களும் அப்படித்தான் கழுவுகிறார்கள். மாரீஸ்வரி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுவினான், துடைத்தான், மஞ்சளும் குங்குமமும் வைத்தான், சூடம் கொளுத்தினான். வேறு எதையும் அவன் தொடவில்லை. ‘இவரையா நான் சந்தேகப்பட்டேன்’ என்று மனதின் ஒரு பாதி அழுதது. ‘நீ பார்க்கிறாய் என்பதால்தானே’ என்று மறு பாதி கேட்டது. பாவி மனம்!

ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் வண்டி நிதானமாகப் போனது. தனுஷ்கோடியின் கொட்டகைக்கு முன்னால் ஒரு வேகத்தடை. விஜயபாண்டி பிரேக்கில் காலை வைத்தான்.

டர்ர்ர்ரென்று ஒரு சத்தம். மாரீஸ்வரியின் பாதத்துக்கு அடியில் வண்டியின் தரை அதிர்ந்தது. நிற்க வேண்டிய வண்டி, யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல வழுக்கிக்கொண்டு முன்னால் போனது. அவன் ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். குலுங்கி நின்றது. அடுத்த நொடி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது.

விஜயபாண்டி திரும்பி அவளைப் பார்த்தான்.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சுங்க! கேட்டுச்சு!” மாரீஸ்வரி சிரித்தாள், அழுதாள், கும்பிட்டாள். கதவைத் திறந்துகொண்டு ரோட்டில் குதித்தாள். “அண்ணே! வண்டியில கோளாறு இருக்குண்ணே! கோளாறு இருக்கு!” வண்டி பழுதானதற்கு இப்படிக் கூத்தாடுகிற பெண்ணை அந்த ரோடு அதற்குமுன் கண்டதில்லை.

தனுஷ்கோடி ஓடி வந்தான். சக்கரத்தைக் கழற்றி மீட்டரை மாட்டினான். போன முறை அசையாமல் நின்ற எண் இப்போது ஏறி இறங்கித் தாவியது. ஒயரைத் தடவிக்கொண்டே போன விரல், அந்தக் கறுப்பு டேப்புக்கு வந்ததும் நின்றது. அழுத்தினான். பிழிந்ததுபோல உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது.

“அட, முண்டம்! அன்னைக்கே இதைப் பிரிச்சிருக்கணும்லே நான்” என்று தன்னையே வைதுகொண்டு பிளேடால் டேப்பைக் கீறினான். உள்ளே சுற்றுச் சுற்றாக வெள்ளைத் துணி. ஈரத்தில் ஊறி, நடுவில் செம்புக் கம்பியின் பச்சைக் களிம்பு ஏறிப்போயிருந்தது.

“எவம்லே இது? வண்டிக்குக் காயம்பட்டுச்சுன்னு கட்டுப் போட்டவன்!”

மாரீஸ்வரியின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே உறைந்தது. அந்தத் துணியை யார் சொல்லியும் அவள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அது அவள் தறியில் ஓடிய துணி!

போன மாதம், ஆடி அமாவாசை. சதுரகிரிக்குப் போகிற ஆட்களை ஏற்றிக்கொண்டு வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை வரைக்கும் போன அன்று அவளும் கூடப் போயிருந்தாள். கல்லும் குச்சியுமாகக் கிடந்த வழியில் ஏதோ இழுத்து, சக்கரத்துப் பக்கம் ஒரு ஒயர் தோல் கிழிந்து தொங்கியது. பக்கத்தில் கடை கண்ணி இல்லை. விஜயபாண்டி வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, ஆட்களை நடத்திக் கூட்டிக்கொண்டு அடிவாரத்தில் விட்டு வரப் போயிருந்தான். அவள் பையில் எப்போதும் தறிக்கூடத்துக் கழிவுத் துணி இருக்கும். சத்திரப்பட்டிப் பக்கத்தில் அடுப்பில் பாத்திரம் இறக்குவதிலிருந்து கைக்குழந்தைக்குத் துடைப்பது வரை எல்லாவற்றுக்கும் அந்தத் துணிதான். காயத்துக்குச் சுற்றுவதுபோல ஒயருக்கும் அழகாக, இறுக்கமாகச் சுற்றினாள். அவன் வந்து பார்த்து, “பரவால்லையேட்டி!” என்று மெச்சி, மேலே டேப்பை ஒட்டினான். அதோடு இருவரும் மறந்துபோனார்கள்.

“ரத்தத்தை உறிஞ்சுறதுக்குன்னு நெய்த துணி, தங்கச்சி. தண்ணியைச் சும்மா விடுமா?” தனுஷ்கோடி இரக்கத்தோடுதான் சொன்னான். “வெள்ளிக்கிழமை கழுவுற தண்ணியைக் குடிச்சி வச்சிக்கிடும். டேப்பு அதை வெளிய விடாது. ரெண்டு கம்பிக்கும் நடுவுல ஈரம். சக்கரம் சுத்திக்கிட்டு இருக்கும்போதே, சுத்தலன்னு கம்ப்யூட்டருக்குத் தாக்கல் போயிருது. அது சக்கரம் இறுகிருச்சுன்னு நெனச்சிப் பிரேக்கை விட்டுருது. மாப்ள காலை உதறுனது அதுதான். செத்த நேரத்துல தப்புன்னு தெரிஞ்சி லைட்டைப் போட்டுட்டு ஒதுங்கிக்கிடும். பொறவு சாதாப் பிரேக்கு. மறுநாள் காஞ்சிருது, நல்ல பிள்ளையாயிருது.”

மாரீஸ்வரி சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். “நான் சுத்துனதுங்க. என் கையால நானே சுத்துனது. பண்ணுனதையும் பண்ணிட்டு, ஒங்களைப் போயி...”

“டேப்பு ஒட்டுனது நான்தான. எந்திரி” என்றான் விஜயபாண்டி.

களிம்பு ஏறிய துண்டைத் தனுஷ்கோடி வெட்டி எறிந்தான். புதுக் கம்பி சேர்த்து ஈயம் பற்றவைத்து, ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாகக் குழல் மாட்டிச் சூடுகாட்டினான். அது சுருங்கித் தோலாக ஒட்டிக்கொண்டது. ஒயர் சக்கரத்தில் உரசாதபடி கிளிப்பில் இறுக்கினான். பிறகு வாளி வாளியாகத் தண்ணீரை அதன்மேலேயே ஊற்றிவிட்டு அளந்தான். எண் அசையவில்லை. வேகத்தடையில் ஏழெட்டுத் தடவை ஓட்டிப் பார்த்தான். மிதித்த இடத்தில் வண்டி நின்றது.

வீட்டுக்குத் திரும்பும்போது விஜயபாண்டி வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

“ஒண்ணு சொல்லணும். நேத்து சாயங்காலம் பிராந்திக் கடை வாசல் வரைக்கும் போனேன். செய்யாத தப்புக்கு இம்புட்டுப் பேரு வாங்குறோம், செஞ்சிட்டே வாங்கிருவோம்னு தோணிச்சு. கையில ரூவாயை வச்சிக்கிட்டு நின்னேன். நீ அன்னைக்குத் தரையைப் பாத்தியே, அதுதான் கண்ணுல வந்துச்சு.”

“பொறவு?”

“வந்துட்டேன்.”

வெள்ளிக்கிழமைக்குச் சாட்சி சொல்ல ஒயர் இருந்தது, மீட்டர் இருந்தது, தனுஷ்கோடி இருந்தான். வியாழக்கிழமைக்கு யார் சாட்சி? ஒருவருமில்லை. அவன் வார்த்தை மட்டும்தான். மாரீஸ்வரி அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். மூக்கை நீட்டவில்லை. மறுகேள்வி கேட்கவில்லை.

“வந்துட்டீகள்ல. வண்டியை எடுங்க” என்றாள். “வீட்டுக்கு வேண்டாம். கடைத்தெருவுக்குப் போங்க.”

அழகுத்தாய் இடது கையில் மாவுக்கட்டோடு பூப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஒற்றைக் கையால் பூத்தொடுக்க முடியாமல் உதிரிப் பூவாக விற்றுக்கொண்டிருந்தாள். மாரீஸ்வரி டீக்கடை ஆட்களும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

“ஆச்சி, எங்க வீட்டுக்காரரு அன்னைக்குக் குடிக்கல. ஒயரு கெட்டுப்போயி பிரேக்கு நழுவிருச்சு. அந்த ஒயரைத் தப்பாச் சுத்துனது நான். வையறதுன்னா என்னைய வையுங்க.”

டீக்கடையில் ஒருவன் தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான். அழகுத்தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“வைய என்னட்டி இருக்கு? வைதா என் கை கூடிருமா? இப்படி உக்காரு. அந்த நாரை எடு. என் கை கூடுற வரைக்கும் தறி விட்டு வந்து நீதான் தொடுத்துத் தரணும்.”

மாரீஸ்வரி உட்கார்ந்தாள். நூலில் பழகிய கைக்கு வாழைநார் அடங்கவில்லை. முதல் முழம் கோணல் மாணலாக வந்தது. அழகுத்தாய் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“இதை எவ வாங்குவா? ஏலே பாண்டி, இந்தா, ஒன் வண்டிக்கே போட்டுக்கோ. ஆனா கழுத, தண்ணி மட்டும் தெளிச்சிராத!”

டீக்கடையில் சிரிப்பு கிளம்பியது. இந்தத் தடவை விஜயபாண்டியும் சேர்ந்து சிரித்தான். மாலையை வாங்கிக்கொண்டு போகிற அவனை மாரீஸ்வரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“பூவைப் பாத்துக் கட்டுட்டி” என்றாள் அழகுத்தாய். “அவன் எங்கயும் ஓடிற மாட்டான்.”